பூனைப்பருந்து வரும் நேரம்

காரில் உட்கார்ந்து பறவை பார்ப்பதை ஏதோ சொகுசு வேலை என்று நினைக்கிறவர்களை ஒருநாள் என் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, மணிக்கணக்காகச் சும்மா இருக்க வேண்டும். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால் சரசரவென்று சத்தம் வரும், அதனால் அதுவும் கூடாது. கொசு கடித்தால் அடிக்கக் கூடாது, மெல்லத் தேய்த்துவிடலாம். மூத்திரம் வந்தால் அடக்க வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னை இப்படித்தான் ஊர் சுற்றிக் காட்டினார். புதுப்பெண் என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு அப்புறம் இருந்ததாக நினைவில்லை.

பறவைக்குக் காரைக் கண்டு பயமில்லை என்பார் அவர். அதைப் பொறுத்தவரை கார் என்பது ஓரமாகப் படுத்திருக்கிற ஒரு மாடு. அதிலிருந்து ஒரு மனுஷக் கால் தரையில் பட்டால் போதும், புல்வெளி முழுக்கக் காலி. ஆகவே கதவைத் திறக்கக் கூடாது. கதவின் விளிம்பில் தானியம் நிரப்பிய துணிப்பை ஒன்று, அதன்மேல் கேமராவின் நீண்ட லென்ஸ். அந்தப் பையைத் தைத்தது நான். இது வரைக்கும் நான்கு பை கிழிந்து ஐந்தாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்த்தவர். நான் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. ரத்தக் கறையைத் தனியாகவும் மருந்துக் கறையைத் தனியாகவும் பிரிக்கச் சொல்லி ஆட்களை விரட்டி விரட்டியே என் குரல் இப்படி ஆனது. அதனால் அவர் எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. அவர் வாயில் அது வந்ததே இல்லை.

அவருக்கு மறதி நோய் வந்து இப்போது நாலைந்து வருடம் ஆகிறது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் மனிதர்கள். வீட்டுக்குள் நான் சில நாள் அவருடைய செத்துப்போன அக்கா. சில நாள் பாத்திரம் தேய்க்க வந்தவள். "சம்பளம் வாங்கிட்டீங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டார். "எங்கே குடுத்தீங்க, வருஷக்கணக்கா பாக்கி" என்றேன். அவர் நிஜமாகவே பதறிப்போய்ச் சட்டைப்பையைத் துழாவினார். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் காரில் ஏற்றி, மடியில் கேமராவை வைத்துவிட்டால் போதும். மனுஷன் திரும்பி வந்துவிடுவார். எந்தப் பறவை, ஆணா பெண்ணா, குஞ்சா வளர்ந்ததா, வெளிச்சம் எந்தப் பக்கம், எல்லாம் விரலுக்குத் தெரியும். காருக்குள் நான் ஒரு தடவைகூட அக்கா ஆனதில்லை, வேலைக்காரி ஆனதில்லை. "மேஸ்திரி, தலையைச் சாய், லென்ஸ்ல உன் மூக்குதான் தெரியுது" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஓய்வு பெற்ற வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, பிரேக்கை மிதிக்கணும், திட்டக் கூடாது" என்று சொன்னாள்.

எங்களுக்கு ஒரே பெண். அவளைப் பாப்பா என்றே கடைசி வரைக்கும் கூப்பிட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அலுவலக மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் வேலை பார்த்த அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். அவள்மேல் போர்த்தியிருந்த போர்வையின் ஓரத்தில் எங்கள் சலவைக்கூடத்து முத்திரை இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் சொன்னோம். அழுதார். மறுநாள் காலையில், "பாப்பா எங்க, இன்னும் எழுந்திருக்கலையா?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே அழுகை, அதே மாதிரி சுவரில் தலையைச் சாய்த்து, முதல் தடவை கேட்கிற மாதிரியே. அவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதானே. ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரே பிள்ளையை ஒரு மனுஷன் எத்தனை தடவை பறிகொடுப்பான்? அப்புறம் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். பாப்பா வேலைக்குப் போயிருக்கிறாள், பாப்பா தூங்குகிறாள், பாப்பா சாயங்காலம் வருவாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்புகிற நாளும் உண்டு. நம்பாத நாளில் வாசல் கதவைப் போட்டு உடைப்பார்.

மாப்பிள்ளை நல்லவர். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நானும் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பெண் போன பிறகும் வாரம் தவறாமல் வருகிறார். குழாய் ஒழுகினால் சரி செய்கிறார், மாமாவுக்கு முகம் மழிக்கிறார். அவர்தான் ஒருநாள் மாமாவின் பழைய கைப்பேசியைத் துடைத்துச் சரி செய்யும்போது அதைக் கண்டுபிடித்தார். பாப்பா பேசி அனுப்பிய ஒரு குரல் செய்தி. சாவதற்கு முந்தின குளிர்காலத்தில், நாங்கள் புல்வெளியில் காரைப் போட்டுக் காத்திருந்தபோது அனுப்பியது. அன்றைக்கு அவளும் எங்களோடு சேர்ந்துகொள்வதாக இருந்தது.

"அப்பா, வந்துட்டே இருக்கேன். வழியில ஒரே நெரிசல். நான் வர்ற வரைக்கும் கிளம்பிடாதீங்க. அம்மா அவசரப்படுத்துவாங்க, காதுல வாங்காதீங்க. அங்கேயே இருங்க, சரியா? இதோ வந்துட்டேன்."

மாப்பிள்ளை அதைக் கூடத்தில் உட்கார்ந்து போட்டார். நான் சமையலறையில் இருந்தேன். கையில் இருந்த தட்டு கீழே விழவில்லை, அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அதை நிறுத்துங்க" என்றேன்.

"அத்தை, மாமாவைப் பாருங்க."

பார்த்தேன். காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வந்துட்டு இருக்காளாம்" என்று என்னிடம் சொன்னார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்போது யார் வருகிறார்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் மாப்பிள்ளையோடு பேசவில்லை. எனக்குக் கௌதாரி ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்தில், புதர் ஓரமாகக் காரைப் போட்டிருந்தோம். பாப்பா பின் சீட்டில். கொஞ்சம் தள்ளி ஒரு இளைஞன் தன் காரிலிருந்து கைப்பேசியில் ஆண் கௌதாரியின் கூவலைப் போட்டுக்கொண்டிருந்தான். புதரிலிருந்த நிஜக் கௌதாரி, தன் இடத்துக்குள் எவனோ நுழைந்துவிட்டான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. கார் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் படம் எடுத்தான், மறுபடி போட்டான், மறுபடி எடுத்தான். அது அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். பறவை இருக்கும்போது அவர் காரை விட்டு இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தம்பி, நிறுத்துப்பா. இல்லாதவனைத் தேடி அது எவ்வளவு நேரம் சுத்தும்? அங்க பெட்டை முட்டைமேல உட்கார்ந்திருக்கு. இது திரும்பிப் போகலைன்னா அதுக்கு யாரு காவல்?"

"ஒரு போட்டோதானே சார்."

"உன் போட்டோவுல அது அழகா இருக்கும். ஆனா அது பயத்துல செத்துக்கிட்டிருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்தவர் அன்றைக்கு அப்புறம் கேமராவைத் தொடவே இல்லை. அப்பாவுக்குக்கூடக் கோபம் வருமா என்று பாப்பா சிரித்தாள்.

அந்த மனுஷனுக்கே இப்போது நாங்கள் அதைச் செய்கிறோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஷமெல்லாம் ஒரு வாரம்தான். அடுத்த வாரம் அவர் வெறும் காலோடு தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பாப்பா என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கத்த, ஆட்கள் கூட, நான் அவரை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியைத் தேடி எடுத்து நானே போட்டேன். அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சாப்பிட மறுத்தால் பாப்பா. குளிக்க மறுத்தால் பாப்பா. உயிரோடு இருந்தபோதுகூட அவளை நான் இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

போன மாதம் அவர் என்னைப் பிடித்துத் தள்ளினார். வேண்டுமென்று இல்லை. நான் யாரோ என்று பயந்துவிட்டார். அலமாரி மூலையில் மோதி என் மணிக்கட்டு வீங்கியது. மாப்பிள்ளை கட்டுப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"அத்தை, நான் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். நல்ல இடம். ராத்திரி பகல் ஆள் இருக்காங்க. ஜன்னல் பக்கமே படுக்கை."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"அத்தை..."

"கேக்கறேன். என்ன தெரியும்?"

"எதிர்க் கட்டடம்" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"கார்ல உட்கார்ந்தா அவருக்கு நான் யாருன்னு தெரியுது, மாப்பிள்ளை. அங்க கொண்டு போய் விட்டா அதுவும் போயிடும்."

"வாரத்துல ஒரு சாயங்காலத்துக்காக மத்த நாளெல்லாம் நீங்க அடி வாங்கணுமா?"

"எனக்கு அந்த ஒரு சாயங்காலம் போதும்."

அப்புறம் ஒரு கணக்குக்கு வந்தோம். இனி ஒரு தடவை கை ஓங்கினாலோ, வெளியே எங்காவது தகராறு ஆனாலோ, மாப்பிள்ளை ஆளோடு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார், நான் குறுக்கே நிற்கக் கூடாது. சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த முறை புல்வெளிக்குப் போன நாளைத்தான் சொல்ல வந்தேன்.

குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் அங்கே வந்து தங்கும். மற்ற பருந்து மாதிரி மரத்தில் தூங்காது, உயரமான புல்லுக்குள் தரையிலேயே படுக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து, புல்லின் தலையை உரசுகிற உயரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும். அதற்காகவே பிற்பகலிலேயே போய்க் காரைப் போட்டுவிட வேண்டும். நான் வண்டியை மண்பாதையின் ஓரத்தில் ஒதுக்கி, அவர் பக்கத்துக் கண்ணாடி புல்வெளியைப் பார்க்கும்படி நிறுத்தினேன்.

"கொஞ்சம் முன்னாடி. போதும் போதும். லாரி நிறுத்தற மாதிரி நிறுத்தறியே மேஸ்திரி."

"அடுத்த தடவை நடந்து வாங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. அன்றைக்குக் காலையில்தான் என்னை யாரென்று கேட்டிருந்தார்.

நல்ல பிற்பகல் அது. ஒரு வானம்பாடி கார் முன்னாலேயே மண் குளித்தது. வேலிக் கம்பியில் ஒரு கீச்சான் குருவி வெட்டுக்கிளியைக் குத்தி வைத்தது. அவர் மூச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எடுப்பார், எடுத்ததும் மீதி மூச்சை விடுவார். படத்தைச் சின்னத் திரையில் எனக்குக் காட்டி, "கண்ணுல வெளிச்சம் விழுந்திருக்கு பாரு. கண்ணுல வெளிச்சம் இல்லைன்னா அது செத்த பறவை மாதிரிதான் இருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். இந்தப் பேச்சை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்குப் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

வெயில் மஞ்சளானபோது அவர் கை தயங்க ஆரம்பித்தது. கேமராவை மடியில் இறக்கினார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா எங்க?"

"வருவா."

"எங்க போனா? இறங்கிப் போயிட்டாளா?" கை கதவுப் பிடிக்குப் போனது. "தனியாவா விட்டே? அந்தப் பக்கம் சேறு."

"இருங்க, இறங்காதீங்க, பருந்து வர்ற நேரம்."

"பருந்தாவது மண்ணாவது. பிள்ளையைக் காணோம்கிறேன்."

கதவு திறந்துவிட்டது. ஒரு கால் வெளியே. வீட்டில் என்றால் வாசலைப் பூட்டிவிடலாம். இங்கே நாலு பக்கமும் திறந்த வெளி, அப்பால் சேற்றுக் குட்டை, பொழுது வேறு சாய்கிறது. ஓடினால் என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே பிடிப்பேன்? கைப்பையைத் திறந்து அவருடைய கைப்பேசியை எடுத்துப் போட்டேன்.

அப்பா, வந்துட்டே இருக்கேன்.

கால் உள்ளே வந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கடைசி வரைக்கும் கேட்டார். "சரி, சரி" என்று அவளுக்குப் பதில் சொன்னார். கேமராவைத் தூக்கிப் பைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார், பருந்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. வீட்டில் அவர் மறந்துவிடுவார், சரி. வீட்டில் அவர் காத்திருக்கத் தெரியாதவர். காரில் அப்படியா? வாழ்நாள் முழுக்க இந்தச் சீட்டில் உட்கார்ந்து அவர் கற்றதே அது ஒன்றுதானே. வரும் என்று தெரிந்துவிட்டால், வராத ஒன்றுக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அசையாமல் இருப்பார். அந்த உடம்புக்கு மறதி நோய் வரவில்லை.

பூனைப்பருந்துகள் வந்தன. முதலில் ஒரு பெண், அப்புறம் சாம்பல் நிற ஆண்கள் இரண்டு. புல்லின் மேல் தாழ்ந்து, சத்தமே இல்லாமல், ஒன்று காரின் முகப்பைத் தாண்டிப் போனது. அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உறுமியதும் அவர் கை பாய்ந்து வந்து அணைத்தது. சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"பாப்பா வரணும்."

"பாப்பா நேரா வீட்டுக்குப் போயிட்டா. இப்பதான் போன் பண்ணினா."

"பொய். எனக்குப் போன் சத்தம் கேக்கலை."

"இருட்டப் போகுது, உங்க மாத்திரைக்கு நேரமாச்சு, குளிரு வேற."

"நீ அவசரப்படுத்துவேன்னு அவளே சொன்னா. காதுல வாங்காதீங்கன்னு சொன்னா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரும் மகளும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. என்றைக்கும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். கொஞ்சினேன், அதட்டினேன். சலவைக்கூடத்தில் ஆட்கள் நடுங்கிய அதே குரலில் அதட்டினேன். அவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியையும் ஏற்ற விடவில்லை, அவள் கூப்பிட்டால் கேட்காதாம். குளிர் முகத்தில் அறைந்தது. அவர் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அந்த மூடிய கையைப் பிரிக்கப் பார்த்தேன். இன்னொரு கை ஓங்கி எழுந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடிக்கவில்லை. ஆனால் நின்றது.

என் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, எங்க இருக்கீங்க? வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கு. எல்லாம் சரியா இருக்கா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே வந்துவிடுவார், ஆளோடு வருவார், தூக்கி உட்கார வைத்து, நேராக அந்த எதிர்க் கட்டடம் தெரிகிற ஜன்னலுக்குக் கொண்டு போவார். யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

"வந்துட்டே இருக்கோம்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த மனுஷன் மட்டும்தான் அதை நம்பி, குளிரில் விறைத்துக்கொண்டு, பிள்ளைக்காகக் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். இவரை இங்கே கட்டிப் போட்டது நோயில்லை. நான்தான். அவிழ்த்துவிட என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"ஏங்க, இங்க பாருங்க."

பார்த்தார்.

"பாப்பா வர மாட்டா. அவ செத்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் என்னை நம்பாமல் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை. ஏற்கெனவே எங்கோ தெரிந்திருந்த மாதிரி, மெதுவாக, முகம் கீழிருந்து மேலாக உடைந்தது.

"எப்படி?"

"தலையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு. வலி ரொம்ப நேரம் இல்லைன்னு சொன்னாங்க."

"நான் பாத்தேனா?"

"பாத்தீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்க."

அழுதார். சத்தமே இல்லை. காருக்குள் சத்தம் போடாமல் இருந்து பழகிய மனுஷன், தோள் மட்டும் குலுங்க, லென்ஸின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் முதுகில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்காமல் நானும் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பருந்துகள் எல்லாம் புல்லுக்குள் இறங்கிவிட்டிருந்தன. வெளியே அசைவதற்கு ஒன்றும் இல்லை.

ரொம்ப நேரத்துக்கு அப்புறம் நிமிர்ந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மூடிய கையைத் திறந்து சாவியை நீட்டினார். உள்ளங்கையில் அதன் பல் ஆழமாகப் பதிந்திருந்தது.

"போலாங்க" என்றார்.

சாவியை வாங்கினேன். அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசுகிறவர் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வெளியாட்களிடம் காட்டுகிற மரியாதையோடு, கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டிரைவரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க முன்னாடி அழுதுட்டேன்."

நான் டிரைவரம்மாவாம். காரில், என் பக்கத்தில், அந்தச் சீட்டில்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் மண்பாதை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. தார் ரோடு வந்ததும் கொஞ்சம் வேகம் எடுத்தேன். அவர் என் பக்கமாகச் சாய்ந்தார்.

"ஒரு உதவி பண்ணுங்கம்மா. வீட்டுல என் சம்சாரம் இருப்பா. நீங்க அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"சரிங்க."

"பாக்கத்தான் அவ முரட்டு ஆள் மாதிரி இருப்பா. எல்லாரையும் அதட்டுவா. ஆனா இதை அவ தாங்க மாட்டா."

ரோடு எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் வண்டி ஆடும், அதனால் எடுக்கவில்லை.

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், வேகம் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தார்.

"மெதுவாவே போங்கம்மா. அவசரம் ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நேரம் அவளுக்குத் தெரியாம இருக்கட்டும்."